மருந்துக் குளியலும் மறுபிழைப்பும்

1829ம் வருஷம் பாரீஸில் ழான் லூகால் என்கிற டாக்டர் அயோடினையும் பொட்டாசியம் அயோடைடையும் தண்ணீரில் கரைத்து ஒரு பழுப்பு மருந்து செய்தார். கண்டமாலைக்கு, அதாவது கழுத்தில் கட்டி கட்டியா வருமே அந்தக் காசநோய்க்கு, அது கேட்கும் என்று நம்பினார். காசநோய் அசையவே இல்லை. ஆனா மருந்து மட்டும் பிழைத்துக்கொண்டது. தைராய்டுக்குப் போச்சு, கிருமிகளுக்குச் சாயம் பூசும் லேபுக்குப் போச்சு. சுத்தி சுத்திக் கடைசியில், லூகால் கனவிலும் நினைச்சிருக்க முடியாத ஒரு நோயாளிகிட்ட வந்து நின்னுது. அந்த நோயாளி பவளம்.

வீட்டில் பவளம் வளர்க்கிறவர்கள் அலமாரியில் இன்னைக்கும் அந்தப் பழுப்பு பாட்டில் இருக்கு. புதுப் பவளம் வந்தாலோ, இருக்கிற பவளம் நோயில் விழுந்தாலோ, தொட்டித் தண்ணியை ஒரு டப்பாவில் எடுத்து, வெளிர் டீ கலர் வரும்வரை சொட்டு விட்டு, அதில் பவளத்தைக் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார்கள். இதுக்குப் பேர் டிப். நான் மருந்துக் குளியல்னு சொல்றேன். நம்மூர்ல அம்மை இறங்கினதும் வேப்பிலைத் தண்ணி ஊத்துவாங்களே, அந்த மாதிரி :-)

ஆன்சைட்டில் இருந்தப்ப டீம்ல ஒருத்தர் வீட்டில் பவளத் தொட்டி வச்சிருந்தார். அவர்தான் எனக்கு இதையெல்லாம் காட்டினவர். அவர் சொன்ன ஒரு விஷயம் மண்டைக்குள்ளேயே உக்காந்துடுச்சு. "குளிப்பாட்டுறது பத்து நிமிஷ வேலை. அதுக்கப்புறம் வர்ற மூணு வாரம்தான் வேலை." குளிச்சு வந்த பவளம் சுருங்கிப் போயிருக்கும், கோழை கக்கும், சில சமயம் வெளுக்கும். அதை எப்படித் தேத்துறது? இதுக்குப் பதில் தேடப் போனா 170 வருஷ வரலாறு வந்து விழுந்தது. கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துட்டு வந்துடுங்க.

முதல்ல பவளம்னா என்ன?

மோதிரத்தில் பதிக்கிற சிவப்புப் பவளம் வேற. நான் சொல்றது கடலில் பார்களைக் கட்டுகிற பவளம். ராமநாதபுரம் பக்கம் முருகைக்கல்னு சொல்றது இதோட எலும்புக்கூட்டைத்தான். பார்க்கக் கல், வளர்றது செடி மாதிரி, உண்மையில் அது விலங்கு. பாலிப் என்கிற குட்டிக் குட்டி உயிர்கள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாய், சுத்தி விரல்கள். ஆயிரக்கணக்கான பாலிப்கள் சேர்ந்து சுண்ணாம்பு வீடு கட்டி அதுமேல ஒரு மெல்லிய தோல் மாதிரிப் படர்ந்திருக்கும். உயிர் அந்தத் தோலில்தான். உள்ளே இருப்பது வெறும் சுண்ணாம்பு. இதை மனசில் வச்சுக்கோங்க, கடைசிவரைக்கும் தேவைப்படும்.

கண்ணாடித் தொட்டி வந்த கதை

1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் உலகத்தின் முதல் பொது மீன் காட்சியகம் திறந்தார்கள். அதுக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருத்தர் ஃபிலிப் ஹென்றி கோஸ். அக்வேரியம் என்ற சொல்லைப் பரப்பினவரே அவர்தான். 1854ல் அதே பெயரில் ஒரு புத்தகம் போட்டார். உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யவும் வழி சொன்னார். இங்கிலாந்தின் குளிர்க்கடலில் இருந்து சின்னக் கிண்ணப் பவளங்களையும் எடுத்து வந்து வளர்த்தார்.

விளைவு? ஊரே கடற்கரைக்குக் கிளம்பிடுச்சு. ஆளாளுக்கு வாளியும் உளியுமாய்ப் போய்ப் பாறைக் குழிகளைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். கோஸின் மகன் எட்மண்ட் 1907ல் எழுதிய தன் வாழ்க்கைக் கதையில் இதைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருக்கார். எடுத்து வந்ததில் பெரும்பாலானது தொட்டியில் செத்தது. தொட்டி வச்சாச்சு, ஆனா உள்ளே இருக்கிறது எதைத் தின்னு உயிர் வாழுதுன்னு ஒருத்தருக்கும் தெரியலை.

யார் யாருக்குச் சோறு போடுறாங்க?

1928ல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டுக்கு ஒரு பிரிட்டிஷ் குழு போனது. லோ ஐல்ஸ் என்கிற குட்டித் தீவில் ஒரு வருஷம் டேரா. தலைவர் மாரிஸ் யாங்குக்கு அப்ப வயசு 28. (நம்ம வயசுதான். நாம இங்க பக் ஃபிக்ஸ் பண்ணிட்டு இருக்கோம்.) பவளத் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன என்பது அதுக்கு முன்னாடியே தெரியும். ஜூசாந்தெல்லே என்று பெயர்கூட வச்சாச்சு. அவை அங்கே என்ன பண்ணுது என்பதுதான் கேள்வி.

யாங்கின் குழு பவளங்களை வெளிச்சம் புகாத பெட்டிகளில் மாசக்கணக்கில் பூட்டி வச்சுது. பவளங்கள் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போச்சு. ஆனா உடனே சாகலை. அதனால் யாங் ஒரு முடிவுக்கு வந்தார்: பவளம் வேட்டையாடும் விலங்கு, பாசி அதுக்குச் சோறு போடலை.

பாதி சரி, பாதி தப்பு. 1944ல் பலாவ் தீவில் இருந்த ஜப்பானிய ஆய்வாளர் கவாகுட்டி அந்தப் பாசியைத் தனியாக வளர்த்து, அது டைனோஃபிளாஜெல்லேட் வகை என்று காட்டினார். 1958ல் மஸ்கட்டைனும் ஹேண்டும் கதிரியக்கக் கார்பனை வச்சு, பாசி தயாரிக்கும் உணவு அது குடியிருக்கும் கடல் சாமந்திக்குள் போவதைக் கண்டுபிடித்தார்கள். (கடல் சாமந்தி பவளத்தின் சொந்தக்காரர்.) 1959ல் ஜமைக்காவில் தாமஸ் கொரோ கதிரியக்கக் கால்சியத்தை வச்சு, பவளம் வெளிச்சத்தில் இருட்டைவிடப் பல மடங்கு வேகமாகச் சுண்ணாம்பு கட்டுவதைக் காட்டினார்.

இப்ப யாங்கின் மற்ற பாதி. 2006ல் ஹவாயில் ஒரு ஆய்வு. மான்டிபோரா கபிடாட்டா என்ற பவளம் வெளுத்த சமயத்தில் இரை பிடிப்பதை அதிகமாக்கி, பாசி இல்லாத குறையைச் சமாளிச்சுது. எல்லாப் பவளமும் இப்படிச் செய்வதில்லை, செய்கிறது பிழைக்குது. ஆக, வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை. பசியில் இருக்கும் பவளம்.

தொட்டிக்காரருக்கு இதுல ஒரு பெரிய பாடம். குளியலுக்கப்புறம் வெள்ளையாத் தெரிஞ்சா கிட்டப் போய்ப் பாக்கணும். கண்ணாடி மாதிரி மெல்லிய திசு இருந்து பாலிப் விரல் நீட்டினா, அது வெளுத்தது. நுண்ணிய இரை கொடுத்துக் காப்பாத்தலாம். வெறும் எலும்பு தெரிஞ்சு ரெண்டு நாளில் அதுமேல பச்சைப் பாசி படிஞ்சா, அந்த இடம் போச்சு.

ஜகார்த்தாவும் பெர்லினும்

1961ல் ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அந்தக் காலத்தில் கடல் தொட்டின்னா கிருமி நீக்கி, கழுவி, தேய்ச்சு, ஆஸ்பத்திரி மாதிரி வச்சிருப்பாங்க. எங் நேர் எதிர். கடலில் இருந்து உயிரோடு இருக்கும் பாறையைக் கொண்டு வந்தார், கடல்நீரை ஊத்தினார், மெல்லிசாகக் காத்துக் குமிழி விட்டார். அவ்வளவுதான். பாறையில் இருக்கும் பாக்டீரியாவும் புழுக்களும் தண்ணியைப் பார்த்துக்கொண்டன.

1970களிலும் 80களிலும் இதை ஜெர்மன்காரர்கள் எடுத்துக்கிட்டாங்க. பெர்லின் முறை என்று பெயர். உயிர்ப்பாறை, அழுக்கை நுரையாகப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், பளீர் விளக்கு. கூடவே முக்கியமா ஒண்ணு: சுண்ணாம்புத் தெளிநீர். சுண்ணாம்பைத் தண்ணியில் கலக்கி, தெளியவிட்டு, மேலாக இருக்கும் தெளிவை மட்டும் சொட்டுச் சொட்டா விடுவது. பீட்டர் வில்கென்ஸ் இதைப் பரப்பினார். பவளம் எலும்பு கட்டக் கால்சியமும் கிடைச்சுது, தண்ணியின் காரத்தன்மையும் நிலையா நின்னுது. பெர்லினில் டீட்ரிஷ் ஷ்டூபர் வளர்த்த அக்ரோபோரா பவளம் வெட்ட வெட்ட வளர்ந்து, துண்டு துண்டாகப் பல பேர் தொட்டிக்குப் போச்சு. கடலைத் தொடாமலே பவளம் பெருக்கலாம் என்பதற்கு அது ஒரு ஆரம்பம்.

பூச்சி வந்தது, குளியல் வந்தது

துண்டு கைமாறினா பூச்சியும் கைமாறும். ஃப்ளாப்பியில் வைரஸ் பரவின மாதிரி. 2000களின் தொடக்கத்தில் அக்ரோபோரா வளர்த்தவர்களைப் படுத்தியெடுத்தது அரை மில்லிமீட்டர் சிவப்புப் பூச்சி. ஆர்தர் ஹியூம்ஸ் 1981லேயே இதை விவரித்திருந்தார். அதுக்கு மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? நாய்களுக்கு இதயப்புழு வராமலிருக்கக் கொடுக்கும் மில்பெமைசின் மாத்திரை! பூச்சி செத்தது. கூடவே தொட்டியில் இருந்த இறால், நண்டு எல்லாமும் செத்தது.

அடுத்தது அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு. பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. இதில் ஒரு வேடிக்கை. 2011ல் விஞ்ஞானிகள் இதுக்குப் பெயர் வச்சதே தொட்டியில் பிடித்த புழுக்களை வைத்துத்தான். கடலில் இது இருப்பதை லிசார்டு தீவில் பார்த்துச் சொன்னது அதற்கடுத்த வருஷம். தொட்டிக்காரர்களோ பல வருஷமா அதோட மல்லுக்கட்டிட்டு இருந்தாங்க.

அயோடின், ஹைட்ரஜன் பெராக்சைடு, பொட்டாசியம் பெர்மாங்கனேட், பைன் எண்ணெய், தோட்டத்துப் பூச்சிமருந்து என்று கையில் கிடைத்ததையெல்லாம் முயற்சி செய்தார்கள். புழு விழும். முட்டை விழாது. கிளையின் அடியில் காய்ந்த எலும்பில் ஒட்டியிருக்கும் முட்டைக்கு எந்தக் குளியலும் உறைக்கலை. சுரண்டி எடுக்கணும், இல்லாட்டி அடிக்கட்டையையே வெட்டிப் போடணும். மிச்சம் பொரிக்கும்னு வாரா வாரம் குளிப்பாட்டணும். ஒவ்வொரு குளியலும் பவளத்துக்கும் ஒரு அடி. இங்கதான் பல பேர் பவளம் போச்சு. புழு கொன்னதை விட மருந்து கொன்னது அதிகமோன்னு தோணும்.

தேத்துறது எப்படி?

மேலே சொன்ன வரலாறு எல்லாம் இந்த இடத்தில் வந்து சேருது.

குளியல் நீர் அதே தொட்டித் தண்ணியா இருக்கணும். சூடும் உப்பும் மாறக்கூடாது. மருந்து வீரியம் பாட்டிலில் போட்டிருக்கிறபடி, நேரம் கடிகாரத்தைப் பார்த்து. சிரிஞ்சால் தண்ணியைப் பீய்ச்சிப் பூச்சியை உதறணும். அப்புறம் சுத்தமான தொட்டித் தண்ணியில் ரெண்டு தடவை அலசல். மருந்து தொட்டிக்குள் போகக்கூடாது.

அடுத்து, வெளிச்சம். அடிபட்ட பவளத்தைப் பளீர் விளக்குக்கு நேரா வச்சா உள்ளே இருக்கும் பாசியே அதுக்கு எதிரியாகிவிடும். தாங்க முடியாத வெளிச்சத்தில் பாசி நச்சு ஆக்சிஜனைக் கக்கும், பவளம் பாசியைத் துரத்திவிடும். அதனால் முதலில் கீழே, நிழலில் வச்சு, மெல்ல மெல்ல மேலே ஏத்தணும்.

நீரோட்டம் மிதமா இருக்கணும். கக்குகிற கோழையும் உரியும் திசுவும் அடிச்சுக்கிட்டுப் போகணும், ஆனா எலும்பிலிருந்து சதையைப் பிய்க்கிற வேகம் கூடாது. சதை கரைஞ்சு பழுப்பு ஜெல்லி மாதிரி வந்தா உறிஞ்சி எடுத்து, நல்ல இடத்தையும் சேர்த்து ஒரு விரல் தள்ளி வெட்டணும்.

தண்ணி நிலையா இருக்கணும். 25, 26 டிகிரி சூடு, லிட்டருக்கு 35 கிராம் உப்பு, காரத்தன்மை நேத்து இருந்த மாதிரியே இன்னைக்கும். எண்ணைத் துரத்தி ஒரே நாளில் ஏத்தி இறக்குவதுதான் பெரிய ஆபத்து.

கடைசியா, கையை எடுத்துடணும். நண்பர் சொன்ன மூணு வாரம் இதுதான். தினம் எடுத்துப் பாக்கக்கூடாது, இடம் மாத்தக்கூடாது, பயந்துபோய் இன்னொரு மருந்து ஊத்தக்கூடாது. ப்ரொடக்‌ஷன் சர்வர் தானா எழுந்துக்கிட்டிருக்கும்போது நாலு பேர் நாலு கமாண்ட் அடிச்சா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா?

தொட்டி வித்தை கடலுக்குப் போன கதை

இதுவரைக்கும் பொழுதுபோக்கு மாதிரித் தெரியலாம். இனிமேல் அப்படி இல்லை.

ஃபுளோரிடாவில் மோட் கடல் ஆய்வகத்தில் டேவிட் வான் என்பவர் 2006ல் ஒரு எல்க்ஹார்ன் பவளத்தை இடம் மாற்றும்போது அது உடைந்து, ஒன்றிரண்டு பாலிப்கள் தொட்டியின் தரையிலேயே ஒட்டிக்கொண்டன. செத்துடும்னு விட்டுட்டார். கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா அவை பல மடங்கு பெருகியிருந்தன. காயம் பட்ட விளிம்பு மத்த இடத்தை விட வேகமாக வளரும் என்பது புரிந்தது. பவளத்தைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒண்ணோடொண்ணு சேரவிடும் முறை இதில் பிறந்தது.

2014ல் மயாமி பக்கத்தில் ஒரு நோய் கிளம்பியது. கல்பவளங்களின் திசுவை உரித்துப்போடும் நோய். இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்கியது. நூற்றுக்கணக்கான வருஷம் வளர்ந்த பவளம் சில வாரங்களில் வெறும் எலும்பு. ஃபுளோரிடா முழுக்கப் பரவிக் கரீபியனுக்கும் போனது. கடலை டப்பாவில் முக்கி எடுக்க முடியுமா? முக்குளிப்பவர்கள் அமாக்சிசிலின் கலந்த களிம்பை எடுத்துப்போய்ப் புண்ணின் விளிம்பில் பூசினார்கள். ஆமாங்க, நமக்குத் தொண்டை வலிக்குத் தருகிற அதே அமாக்சிசிலின். பூசின புண்கள் பெரும்பாலும் நின்னுச்சு. ஆனா அதே பவளத்தில் வேற இடத்தில் புதுப் புண் வருவதை அது தடுக்கலை. மருந்து எதிரியை நிறுத்தும், பவளத்துக்குப் பலம் தராது. தொட்டிக்காரர்கள் அயோடினில் கத்துக்கிட்ட அதே பாடம்.

அதனால் 2018 முதல் இன்னொண்ணு செய்தார்கள். நோய் வந்து சேர்வதற்கு முன்னாடியே நல்ல பவளங்களைப் பெயர்த்து அமெரிக்கா முழுக்க இருக்கும் மீன் காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள். 2020 மார்ச்சில் ஆர்லாண்டோவில் இதுக்குன்னே ஒரு மையம் திறந்தார்கள். லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழு, சூரிய உதயம், நிலா வெளிச்சம், வருஷத்தின் சூடு குளிர் எல்லாத்தையும் தொட்டிக்கு மேலேயே நடிக்க வைத்துப் பவளத்தை முட்டையிடச் செய்திருந்தது. அதே முறையில் 2019 ஆகஸ்டில் ஃபுளோரிடா காட்சியகத்தில் தூண் பவளம் முட்டையிட்டது. அந்த மாநிலக் கடலில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்ட இனம் அது.

2023 கோடையில் கடல் கொதிச்சப்ப, கடலடி நாற்றங்கால்களில் இருந்து ஆயிரக்கணக்கான பவளத் துண்டுகளைத் தரைத் தொட்டிகளுக்குத் தூக்கி வந்தார்கள். கடலிலேயே இருந்த எல்க்ஹார்னும் ஸ்டேக்ஹார்னும்? ஃபுளோரிடாவில் அவை திட்டு கட்டும் உயிர்களாக இனி இல்லை என்று 2025ல் ஆய்வாளர்கள் அறிவித்துவிட்டார்கள். மிச்சம் தொட்டியில்.

நம்ம சுண்ணாம்பு

இதை எழுதும்போது ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்தது. பெர்லின்காரன் சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்திப் பவளம் வளர்த்தான். மன்னார் வளைகுடாவில் நாம் பவளத்தை வெட்டி எடுத்துச் சுண்ணாம்பு ஆக்கினோம். 1986ல் தேசியப் பூங்கா ஆன அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ரெண்டும் தண்ணிக்குள் போயிடுச்சு. சுற்றியிருந்த பவளத்தை வெட்டியதைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். 2001ல் கல்பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. ஆகவே இங்கே வீட்டில் கல்பவளத் தொட்டி வைக்க நினைக்காதீங்க. கொளத்தூரில் எவ்வளவு தேடினாலும் சட்டப்படி கிடைக்கக் கூடாது.

2002 முதல் தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் பவளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகையிலும் சட்டத்திலும் கட்டிக் கடலில் நட்டு வருகிறார்கள். நல்ல துண்டு, சரியான ஆழம், அப்புறம் காத்திருத்தல். அங்கேயும் வேலை அதேதான். ஆனா 2010லும் 2016லும் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்தன. கட்டி வச்ச துண்டைக் கையை எடுத்துட்டு விட்டாலும் கடல் விடணுமே.

கோஸ் காலத்தில் தொட்டி கடலைக் கொள்ளையடிச்சது. இன்னைக்குச் சில இனங்களுக்குத் தொட்டிதான் கடைசி வீடு. ஆனா தொட்டி ஒரு ஆஸ்பத்திரி வார்டுதான். தேறினவங்களை அனுப்ப வீடு வேணும். கடலைச் சூடாக்கிக்கிட்டே இருந்தா, எத்தனை தடவை குளிப்பாட்டினாலும் பவளத்தைத் திரும்பக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

பி.கு: தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்து மக்கள் யாராவது இருந்தா, முருகைக்கல்லில் கட்டின பழைய வீடு, சுண்ணாம்புக் காளவாசல் பற்றித் தெரிஞ்சதை உங்க பக்கத்தில் எழுதுங்க. தாத்தா பாட்டிகிட்ட கேட்டு எழுதினா இன்னும் விசேஷம். அந்தப் பாதியை எழுத என்னை விட நீங்கதான் சரியான ஆள்.